மூன்று விரல்களுக்கு ஏற்ற டங்ஸ்டன்

ஜூலை 6, ஞாயிறு

இன்று முதல் இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். பெரிதாக்க மாட்டேன், மறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகத் திருப்பவும் மாட்டேன். ஒன்றுமே நடக்காத நாளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதுவேன்.

என் பெயர் மதுரவாணி. பள்ளியில் படிவம் இரண்டு படிக்கிறேன். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான்காம் மாடியில் இருக்கிறோம். அப்பா ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறார், ஆகவே பெரும்பாலும் அம்மாவும் நானும்தான். அம்மாவின் பெயர் தேவகி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே பீங்கானால் செய்த வெள்ளைக் கைகள் சங்கிலியில் வரிசையாக நகர்ந்து வருமாம். ஒவ்வொரு கைமேலும் ஒரு ரப்பர் கையுறை ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் அதன் ஓரத்தைக் கிள்ளி இழுத்துக் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றுவதற்குள் அடுத்த கை வந்துவிடும்.

அதே மூன்று விரல்களால்தான் அம்மா டார்ட் என்னும் சின்ன அம்பைப் பலகையில் எறிகிறார். பள்ளியில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நம் அம்மாக்கள் டார்ட் எறிவார்களா என்று கேட்கிறார்கள். என் அம்மா எறிவார். அவரோடு ஒரே வரிசையில் கையுறை கழற்றும் இந்திராணி ஆன்ட்டி, புஷ்பா அக்கா, தவமணி ஆன்ட்டி, அம்மா நால்வரும் ஓர் அணி. இந்திராணி ஆன்ட்டி தலைவி. எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் சுதந்திர தினத்தன்று இறுதிப் போட்டி. சென்ற வருடம் தோற்றார்கள். இந்த வருடம் வென்றால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

ஆட்டம் 501இல் தொடங்கி, புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகச் சுழியத்தில் முடிய வேண்டும். கடைசி டார்ட் பலகையின் வெளி ஓரத்தில் உள்ள, புள்ளியை இரட்டிப்பாக்கும் 'டபுள்' என்ற மெல்லிய வளையத்தில் விழுந்தால்தான் செல்லும். அந்தக் கடைசி வேலை எப்போதும் அம்மாவுடையது. ஆனால் கொஞ்ச நாள்களாக அம்மாவின் டார்ட் எங்கெங்கோ போகிறது. சமையலறைக் கதவில் பலகை மாட்டியிருக்கிறோம். கதவு முழுக்க ஓட்டை.

"டார்ட் பழசாச்சு. அதான்" என்றார் அம்மா.

அவருடையவை தடித்த பித்தளை டார்ட்டுகள். அப்பா தொலைபேசியில், "பிறந்தநாளுக்கு டங்ஸ்டன்லயே வாங்கிக்க. எது நல்லதுன்னு வாணி படிச்சுப் பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

என்னிடம் விட்டுவிட்டார்கள்! நாளையே நூலகம் போகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு கையேடு கிடைத்தது. விரல் பிடிக்கும் உலோகப் பகுதியின் பெயர் பேரல். டங்ஸ்டன் பித்தளையைவிட மிக அடர்த்தியானது. அதனால் அதே எடையை மெல்லிய பேரலிலேயே கொண்டுவந்துவிடலாம். மெலிந்த டார்ட்டுகள் மூன்றும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குத்தும்.

காலையில் அம்மாவின் சீருடைப் பொத்தான்களை நான் போட்டுவிட்டேன். அவருக்கு அவசரம். மைலோக் குவளை ஒன்று உடைந்தது. அது ஏற்கனவே விரிசல் விட்ட குவளைதான்.

ஜூலை 13, ஞாயிறு

டார்ட் கடைக்குப் போனோம். அம்மா, நான், கூடவே புஷ்பா அக்கா. அவருக்கு வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது. கடைக்காரர் மிஸ்டர் சியா மலாய் மொழியில் பேசினார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வாங்குபவர் எப்படிப் பிடிக்கிறார் என்று பார்க்காமல் அவர் டார்ட் விற்க மாட்டாராம். முன்பக்கம் பிடிப்பவருக்கு முன்பக்கம் கனமான பேரல். நடுவில் பிடிப்பவருக்கு நேரான பேரல். வேகமாக நேராக எறிபவருக்கு டார்ட்டின் வாலில் சின்னச் சிறகு, மெதுவாகத் தூக்கி எறிபவருக்குப் பெரிய சிறகு. நான் வேகவேகமாகக் குறித்துக்கொண்டேன்.

"பார்த்துப் பிடித்தால் ஆள் பொய் சொல்லும். பார்க்காமல் பிடித்தால் விரல் உண்மை சொல்லும்" என்று சொல்லி, மேசைமேல் ஒரு டார்ட்டை வைத்து, அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார்.

அம்மா கண்ணை மூடினார். கை மேசைமேல் தடவியது. மூன்று விரல்களும் குவிந்து மேலே வந்தன.

"எடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

டார்ட் மேசைமேலேயே இருந்தது.

புஷ்பா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "காத்தப் புடிச்சிட்டீங்கக்கா! அதுக்கு எத்தன கிராம்னு கேளுங்க!" அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். மிஸ்டர் சியா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதிகம் சிரிக்காதவர் போலிருக்கிறது.

கடைசியில் கண்ணைத் திறந்துகொண்டே எடுத்தார். நடுவில்தான் பிடிக்கிறார். ஆகவே நேரான பேரல், தொண்ணூற்றைந்து விழுக்காடு டங்ஸ்டன், இருபத்திரண்டு கிராம், பென்சிலைவிட மெல்லியது. என் தேர்வு. முனை வளையாமல் இருந்தால் மாற்றித் தருவதாக மிஸ்டர் சியா சொன்னார். அதற்குத் தேவை வராது.

ஜூலை 19, சனி

தேவை வரலாம். புது டார்ட் அம்மாவின் விரலிலிருந்து வழுக்குகிறது. இரண்டு தடவை அவர் காலடியிலேயே விழுந்தது.

கையேடு சொல்கிறது, டார்ட்டை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முறுக்கை உடைக்காமல் பிடிக்கிற அளவு போதும் என்று நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துகிறார்.

"நான் மெதுவாத்தான்லா புடிக்கிறேன்" என்றார்.

முன்பெல்லாம் அம்மா எறியும்போது பலகையை மட்டும்தான் பார்ப்பார். இப்போது முதலில் கையைப் பார்க்கிறார், பிறகு பலகையைப் பார்க்கிறார். மெல்லிய டார்ட் பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாலையில் மண்டபத்தில் பயிற்சி. நான் படித்த விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இந்திராணி ஆன்ட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாணி, பிடி நல்லா சொரசொரன்னு இருக்கிற மாதிரி டார்ட் இருக்கா? என்னோடது வழுக்குது. ஆனா நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார். அவர் தம் டார்ட்டில் ரப்பர்பேண்டு சுற்றியிருந்தார். சற்று நேரம் கழித்துத் தவமணி ஆன்ட்டி வந்து, தடிமனான டார்ட் எங்கே கிடைக்கும் என்று காதோடு கேட்டார். அவர் மிகக் குறைவாகப் பேசுபவர். என்னிடம் வந்து கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டே வாரத்தில் நான் அணிக்கே ஆலோசகர் ஆகிவிட்டேன்!

ஜூலை 25, வெள்ளி

அறிவியல் தேர்வு. நன்றாக எழுதினேன். அம்மா சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டார்ட்டை மாற்றியாயிற்று. இந்தத் தடவை பேரல் முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள். அரம் மாதிரி இருக்கிறது. வழுக்கவே முடியாது. தவறு வழவழப்பான பேரலில்தான் இருந்தது என்று நான் மிஸ்டர் சியாவிடம் விளக்கினேன். அவர், "இது ரொம்பக் கூர்மை. உன் விரலில் உரசிப் பார்" என்றார். உரசினேன். எரிந்தது. "அம்மாவுக்குப் பழகிவிடும்" என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

அம்மா இன்று அருமையாக எறிந்தார். டபுள் பதினாறில் ஒன்று, டபுள் பத்தில் ஒன்று. ஒன்றுகூட நழுவவில்லை. நான் குதித்தேன். என் தேர்வு சரி என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பலாமா என்று நினைத்துக்கொண்டே பலகையிலிருந்து டார்ட்டுகளைப் பிடுங்கப் போனேன்.

வெள்ளைச் சிறகுகளில் சிவப்புக் கறை. மூன்றிலும் இருந்தது. என் விரலும் பிசுபிசுத்தது.

"அம்மா, இரத்தம்."

"எங்க?" என்று பலகையைப் பார்த்தார்.

"உங்க கையிலம்மா."

அம்மா உடனே கையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலில் தோல் வழன்று, இரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது.

அதை அவர் யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குழாயடியில் கழுவி, மஞ்சள் மருந்து போட்டேன். அந்த மருந்து எனக்குப் பட்டால் துள்ளுவேன். அம்மா சும்மா நின்றார். "நல்லா போடு" என்றார்.

பேரல்தான் காரணம். மிகக் கூர்மை. மிஸ்டர் சியா சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுதியது பொய் இல்லை. ஆனால் முழுவதும் எழுதவில்லை. மருந்து போட்ட பிறகு நான், "வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன். அம்மா மருந்துப் புட்டியை மூடிவைத்தார். இன்று பசியாறும்போது அவரே சொன்னார்.

"மரத்துப் போவுது வாணி. இந்த மூணு வெரலும். ராத்திரில எறும்பு ஊறுற மாதிரி இருக்கும். ஒதறினா சரியாயிரும்."

"கிளினிக் போகலாம்மா."

"போனா எம்சி லீவுச் சீட்டு குடுப்பாங்க. எம்சில காரணம் எழுதுவாங்க. போன வருசம் சாந்தின்னு ஒருத்தி கை மரத்துப் போச்சுன்னு சொன்னா. தரை கூட்டுற வேலைக்கு மாத்துனாங்க. ஒப்பந்தம் முடிஞ்சதும் திரும்பக் கூப்புடல. அவ வீட்டுலயும் படிக்கிற புள்ள இருக்கு."

"இந்திராணி ஆன்ட்டிகிட்டயாவது..."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அடுத்த மாசம் மருத்துவச் சோதனை. வரிசைல கை மெதுவானா பக்கத்துல இருக்கிறவளுக்குத்தான் பாரம். தேவகியால முடியலன்னு தெரிஞ்சா இந்திராணி என்னா நெனைப்பா?"

நான் சரி என்றேன். சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். கடையில் அம்மா "எடுத்துட்டேனா?" என்று கேட்டபோது நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

நான் மட்டும் தனியாகக் கடைக்குப் போனேன். டார்ட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டேன். மிஸ்டர் சியா விளக்கடியில் பேரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவை என்ன வேண்டும்?"

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தடிமனாக வேண்டும். கூர்மை கூடாது. கனமாக வேண்டும், தோளும் முழங்கையும் அந்தக் கனத்தை உணரும்படி. எங்கே பிடிக்க வேண்டும் என்று கண்ணாலேயே பார்க்கும்படி ஓர் அடையாளமும் வேண்டும்.

அவர் தலையாட்டினார். பிறகு ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். எண்பது விழுக்காடு டங்ஸ்டன், இருபத்தெட்டு கிராம், குட்டையாக, நடுவில் பருத்தது. பேரலின் நடுவே அகலமான ஒரு கறுப்பு வளையம். பெரும்பாலோர் இதை விரும்புவதில்லை, மூன்று டார்ட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்றார்.

"பரவாயில்லை" என்றேன். நெருக்கமாகக் குத்துவது இப்போது முக்கியமில்லை.

அம்மா கறுப்பு வளையத்தைப் பார்த்து விரல்களை வைத்தார். எறிந்தார். பலகையில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தலையை இடது கையால் கலைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

மண்டபத்தில் கடைசிப் பயிற்சி. நான் ஓரமாக உட்கார்ந்து எல்லாருடைய கையையும் பார்த்தேன். இந்திராணி ஆன்ட்டி எறிவதற்கு முன் கையைப் பார்க்கிறார், பிறகு பலகையைப் பார்க்கிறார். தவமணி ஆன்ட்டியும் அப்படித்தான்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று தோன்றியது. தவறாக இருந்தால்? வீட்டுப்பாடம் முடித்தேன். துணி மடித்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. சுதந்திர தினம்

வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நம் அணிக்குத் தொழிற்சாலை கொடுத்த மஞ்சள் ஜெர்சி. அதனால் வரிசையின் மேற்பார்வையாளர் மிஸ்டர் ஞானப்பிரகாசம் முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். எதிரணி ரயில் பாதைக்கு அந்தப் பக்கத் தாமான். அவர்களில் ஒரு பாட்டுக்கார அக்கா இருந்தார். எறிவதற்கு முன் முணுமுணுவென்று பாடுகிறார். கணக்கு எழுதும் வேலை எனக்கு. பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஆட்டங்கள் சமமாகப் போய், கடைசி ஆட்டம் அம்மாவுக்கும் பாட்டுக்கார அக்காவுக்கும் வந்தது. அம்மா பொறுமையாகக் கறுப்பு வளையத்தைப் பார்த்துப் பார்த்து இருபதுக்குக் கொண்டுவந்துவிட்டார். டபுள் பத்து விழுந்தால் வெற்றி. கையில் மூன்று டார்ட்.

முதல் டார்ட் வளையக் கம்பியின் வெளிப்பக்கம் குத்தியது. மண்டபமே "ஆ" என்றது.

இரண்டாவதை எடுத்தார். கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோனார். டார்ட் அவருக்குப் பின்னால் தரையில் விழுந்து உருண்டது. ஆனால் அம்மாவின் கை முன்னால் வந்து எறிந்துவிட்டது. எதுவும் இல்லாத கையால் எறிந்துவிட்டு, டார்ட் எங்கே குத்தியிருக்கிறது என்று பலகையில் தேடினார்.

"அக்கா, பலகை அங்கிட்டு இருக்கு!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார். சிரிப்பு. மிஸ்டர் ஞானப்பிரகாசமும் சிரித்தார்.

என் கையில் சுண்ணக்கட்டி நொறுங்கியது. அம்மா என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சிரிக்கவில்லை, அது மட்டும் தெரியும்.

இந்திராணி ஆன்ட்டி ஓடிவந்து டார்ட்டைப் பொறுக்கினார். அவர் விரலிலிருந்தும் அது ஒரு தடவை நழுவியது. மறுபடி குனிந்து பொறுக்கினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்திராணி," என்றார் அம்மா. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்த நேரம் யாரும் பேசவில்லை. "எனக்கு வெரலு தெரியல."

"என்னா?"

"கட்டவெரலு, இந்த ரெண்டு வெரலு. மரத்துப் போச்சு. பொங்கலுக்கு முன்னாலேருந்து. கைல டார்ட் இருக்கா இல்லையான்னே தெரியல."

இந்திராணி ஆன்ட்டி முன்வரிசையைப் பார்த்தார். மிஸ்டர் ஞானப்பிரகாசம் இப்போது சிரிக்கவில்லை. ஆன்ட்டி அம்மாவின் பக்கம் திரும்பி, "கிறுக்கச்சி! எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா?" என்றார். பிறகு குரல் உடைந்து, "எனக்குத் தீபாவளியிலேருந்து" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் சீனியர்" என்றார் புஷ்பா அக்கா நாற்காலியிலிருந்து. "எனக்குப் போன மாசம்தான். அதுக்குள்ள ரெண்டு வாட்டி சட்டியக் கீழ போட்டு மாமியார்கிட்டத் திட்டு வாங்கியாச்சு."

தவமணி ஆன்ட்டி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று, வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலைச் சுற்றிப் பிளாஸ்திரி.

நடுவர் தொண்டையைச் செருமி, "சகோதரி, இன்னும் ஒரு டார்ட் இருக்கிறது" என்றார்.

அம்மா எறிந்தார். கம்பிக்கு ஒரு மயிரிழை உள்ளே. ஒற்றைப் பத்துத்தான். அடுத்து வந்த பாட்டுக்கார அக்கா இந்தத் தடவை பாடாமல் எறிந்து முடித்துவிட்டார். தோற்றோம். நான் கணக்கைச் சரியாக எழுதினேன்.

மிஸ்டர் ஞானப்பிரகாசம் எழுந்து, "நாளைக்கு லீவு. செவ்வாய்க்கிழமை பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் முகத்திலிருந்து எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

"நாலு பேரையும் கூட்ட விட்டா, கையுறைய யாரு கழட்டுவா? அவரா?" என்றார் புஷ்பா அக்கா. அப்போதுதான் அம்மா சிரித்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நால்வரும் வேலைக்குப் போகாமல் ஒன்றாகக் கிளினிக் போனார்கள். புஷ்பா அக்காவின் காடியில், பின்சீட்டில் இடம் இல்லாததால் நான் தவமணி ஆன்ட்டியின் மடியில் உட்கார்ந்தேன். இந்த வயதில்!

டாக்டர் இளம் பெண். முதலில் அம்மா போனார். அடுத்து இந்திராணி ஆன்ட்டி. மூன்றாவதாகப் புஷ்பா அக்கா உள்ளே போனதும் டாக்டர் எழுந்து வெளியே வந்து, "நீங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார். மணிக்கட்டு வழியாகப் போகும் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். சரியாக அந்த மூன்று விரல்களுக்குப் போகும் நரம்பு. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். மற்றவர்களுக்கு மணிக்கட்டுப் பட்டையும் ஓய்வும் முதலில். நால்வருக்கும் எம்சி. காரணத்தைத் தெளிவாகவே எழுதினார். இந்திராணி ஆன்ட்டி நான்கையும் சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நாளை நால்வரும் ஒன்றாக அலுவலகத்துக்குப் போவதாகத் திட்டம். அப்படியே தொழிலாளர் காப்புறுதி தரும் சொக்சோவிலும் விசாரிப்பாராம்.

வேலை என்னாகும் என்று தெரியவில்லை. தெரியாததையும் எழுதுவதுதான் நேர்மை.

இரவு சாப்பிட்ட பிறகு டார்ட்டுகளைத் துணியால் துடைத்து வைத்தேன். அம்மாவின் வலது கை விரல் வரை பட்டைக்குள் இருந்தது.

"கை சரியானா எனக்கு எது தோதா இருக்கும்? இந்தக் குண்டா, மொதல்ல வாங்கின மெல்லிசா?" என்று அம்மா கேட்டார்.

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு எடுத்துப் பாப்போம்" என்றேன்.

"மிஸ்டர் சியா இன்னொரு வாட்டி மாத்திக் குடுப்பாரா?"

"முனை வளையல" என்றேன்.

அம்மா, போதும் எழுதினது, படு என்று சொன்னார். இந்த வரியை முடிக்கும்வரை சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். விளக்கை அணைக்க முழங்கையைத் தூக்கிவிட்டார்.